கள்ளு ஷாப்புக்குப் போனால் வண்டியை யார் திருப்பி ஓட்டுவது? கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கான கணக்கு

தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. எல்லை தாண்டினால் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போவதே அங்குள்ள தென்னந்தோப்புகளிலிருந்துதான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோவையிலிருந்து வேலந்தாவளத்துக்கும் பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரத்துக்கும் வண்டிகள் போகின்றன. கொஞ்சம் தூரம் போகத் துணிந்தவர்கள் கொழிஞ்சாம்பாறை வரைக்கும் போவார்கள். போவதில் ஒரு கஷ்டமும் இல்லை. கப்பையும் மீன்கறியும் முடித்துவிட்டுத் திரும்பும்போதுதான் கேள்வி வருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளப் போலீஸ், இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ். இருவர் கையிலும் இருப்பது ஒரே சட்டம், ஒரே மாதிரி ஊதும் மிஷின். ஒரே மாலையில் இரண்டு இடத்தில் ஊத வேண்டி வந்தாலும் ஆச்சரியமில்லை.

பலரும் எப்படிப் போவது என்பதைப் பேசி முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். திரும்பும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதான முறையில் போவதுதான் சரி. எல்லைப் பகுதியில் இது கூடுதலாக முக்கியம். ஏன் என்பது டாக்சி, ஆட்டோ பற்றிச் சொல்லும்போது புரியும்.

முதலில் 30 என்ற எண்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இந்த வரம்பு 80. நம் வரம்பு அதில் பாதிகூட இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அல்லது இரண்டும். ஓட்டியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஓட்ட முயன்றாலே போதும் என்கிறது அந்தப் பிரிவு. ஷாப்பு வாசலில் சாவியைப் போட்டு ரிவர்ஸ் எடுப்பதும் இதில் அடங்கும். டூவீலர், கார், டிராக்டர் என்ற பேதமும் கிடையாது.

இந்த 30 எவ்வளவு சரக்கில் வரும்? 70 கிலோ எடையுள்ள ஆணுக்குக் கணக்குப் போடுவோம். விஸ்கி, பிராந்தி எல்லாம் நம் ஊரில் 42.8 சதவீதம். 60 மில்லியில் சுமார் 20 கிராம் சுத்த ஆல்கஹால். வெறும் வயிற்றில் குடித்தால் ரத்த அளவு 40, 45 வரை ஏறும். அதாவது ஒரே ஒரு லார்ஜ் போதும், வரம்பு தாண்டிவிடும். 650 மில்லி சாதா பீர், 5 சதவீதம் என்றால், 50க்கு மேல் போகும். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டிலில் 85 சுமாருக்கு வந்துவிடும். 55 கிலோ எடையுள்ள பெண் அதே லார்ஜைக் குடித்தால் 65, 70 வரை ஏறும். உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால் அதே சரக்கு அடர்த்தியாக நிற்கிறது.

கள்ளில்தான் கணக்குத் தவறுகிறது. "அது கள்ளுதானே, இளநி மாதிரி" என்று சொல்லிக்கொண்டு குடிக்கிறவர்கள் நிறையப் பேர். காலையில் இறக்கிய கள் இனிப்பாக இருக்கும், போதை குறைவு. ஆனால் ஈஸ்ட் தன் வேலையை நிறுத்துவதில்லை. மதியத்துக்கு மேல் அதே கள் புளித்து, பீரின் அளவுக்குச் சமமாகிவிடும். சுமார் 5 சதவீதம் என்று வைத்தாலும் ஒரு லிட்டர் கள் 80க்கு மேல் கொண்டுபோகும். பாட்டில் பீரில் லேபிள் இருக்கிறது, கள்ளுக் குடத்தில் லேபிள் இல்லை. மயக்க மருந்து கலந்த கள் பிடிபட்ட வழக்குகளும் இந்த நாட்டுக்குப் புதியவை அல்ல. அப்படிக் கலந்திருந்தால் மிஷின் காட்டும் எண்ணுக்கும் உங்கள் கண் சொருகுவதற்கும் சம்பந்தமே இருக்காது.

ஆகவே "அளவாகக் குடித்துவிட்டு மெதுவாக ஓட்டுவது" என்பதை இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே சேர்க்கவில்லை. அளக்க முடியாத ஒன்றை அளவாகக் குடிக்க முடியாது.

காத்திருந்து ஓட்டலாமா?

ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் இறக்கும். சிலருக்கு 10, சிலருக்கு 20. மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி, தலையில் தண்ணீர் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காப்பி குடித்தால் தூக்கம் கலையும், அவ்வளவுதான்; தூங்காத போதைக்காரர் ஒருவர் கிடைப்பார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் உச்சம் குறையும், ஆனால் ஏறும் நேரம் நீளும். அதனால்தான் ஷாப்பிலிருந்து கிளம்பும்போது "ஒண்ணும் தெரியலை" என்று இருந்தவருக்கு அரை மணி நேரம் கழித்து எண் கூடியிருக்கும். பாக்கு, ஏலக்காய், மவுத்வாஷ் எல்லாம் வாசனைக்குத்தான். மிஷின் அளப்பது நுரையீரலிலிருந்து வரும் காற்றை. ஆல்கஹால் உள்ள மவுத்வாஷ் என்றால் சற்று நேரத்துக்கு எண்ணை ஏற்றிக் காட்டவும் செய்யும்.

ஒரு லார்ஜுக்கு மேல் இல்லை என்றால், சாப்பிட்டுவிட்டு மூன்று, நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பது காகிதத்தில் சாத்தியம். நடைமுறையில் கள்ளு ஷாப்பில் நான்கு மணி நேரம் இரண்டாவது கிளாஸ் இல்லாமல் யார் உட்காருகிறார்கள்?

குடிக்காத நண்பர்

செலவில்லாத வழி. பெரும்பாலும் கெட்டுப்போகிற வழியும் இதுதான். அந்த நண்பர் யார் என்று கிளம்புவதற்கு முன்பே முடிவாக வேண்டும். முதல் கிளாஸ் வருவதற்கு முன் சாவி அவர் பாக்கெட்டில் இருக்க வேண்டும். அவரிடம் அந்த வகை வண்டிக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும். "கார் ஓட்டத் தெரியும், லைசென்ஸ் டூவீலருக்குத்தான்" என்பவர் விபத்து நடந்தால் இன்சூரன்ஸைக் கையைக் கழுவ வைப்பார். "ஒரு வாய் ருசி பாரு" என்று அவரை இழுப்பவர்களுக்கு ஒரு செய்தி: பிரிவு 188 இந்தக் குற்றத்துக்குத் தூண்டியவருக்கும் அதே தண்டனை என்கிறது. குடித்தவர் கையில் தன் வண்டிச் சாவியைத் தெரிந்தே கொடுக்கும் உரிமையாளரும் யோசிக்க வேண்டிய பிரிவு இது.

டூவீலரில் இது ஒருவருக்குத்தான் உதவும். பின்னால் உட்காருபவர் நிலையாக உட்காரும் நிலையில் இருக்க வேண்டும். மட்டையானவரைப் பின்னால் உட்கார வைத்து வேட்டியால் கட்டிக்கொண்டு வருவது வேடிக்கை அல்ல; வளைவில் அவர் சாய்கிற பக்கம் வண்டியும் சாயும்.

ஆக்டிங் டிரைவர்

நாலைந்து பேர் ஒரு காரில் போவதானால் இதை மிஞ்சிய வழி இல்லை என்பது எங்கள் கருத்து. சொந்தக் காருக்கு எல்லை தாண்ட பெர்மிட், வரி எதுவும் வேண்டாம். கோவை, பொள்ளாச்சி இரண்டு ஊரிலும் மணிக்கணக்கில் ஆக்டிங் டிரைவர் கிடைக்கிறார்கள். வாடகையை ஐந்து பேர் பிரித்தால் தலைக்கு ஒரு பிளேட் மீன்கறிக் காசுக்கு முன்பின்தான் வரும்.

பேசும்போது விட்டுப்போகிற விஷயங்களில்தான் சண்டை வருகிறது. காத்திருக்கும் நேரமும் கணக்கில் சேருமா? இரவு எத்தனை மணிக்கு மேல் கூடுதல் பேட்டா? அவர் சாப்பாடு யார் பொறுப்பு? உங்களை வீட்டில் விட்டபின் அவர் எப்படித் தன் வீட்டுக்குப் போவார்? கடைசியாகச் சொன்னதை முன்பே பேசாவிட்டால் நடுராத்திரியில் வாசலில் நின்று பேச வேண்டிவரும். கேரளத்துக்குள் போவதையும், கள்ளு ஷாப்பு வாசலில் காத்திருப்பதையும் சொல்லியே கூப்பிடுங்கள். லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியிலோ டிஜிலாக்கரிலோ காட்டச் சொல்வதில் தப்பில்லை. அவருக்கும் ஷாப்பில் கள் வாங்கிக் கொடுக்கும் தாராளம் மட்டும் கூடவே கூடாது. மாட்டினால் அவருக்குப் பிழைப்பே போகும்.

வாளையார் வழியாகப் பாலக்காடு வரை போகிறவர்கள் பாம்பாம்பள்ளம் டோலுக்கு ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலந்தாவளம், கோபாலபுரம் வழிகளில் அந்தக் கவலை இல்லை.

இதில் ஒரே குறை, டூவீலருக்கு ஆக்டிங் டிரைவர் என்ற வழக்கம் நம்மூரில் இல்லை.

கால் டாக்சி, ஆட்டோ

கோவை நகருக்குள் பாரிலிருந்து வீட்டுக்கு என்றால் இதுதான் முதல் தேர்வு; இரண்டாவது யோசனை வேண்டாம். எல்லையில் கதை வேறு. ஆட்டோவுக்கான பெர்மிட் பக்கத்து மாநிலத்துக்குள் செல்லாது. கொழிஞ்சாம்பாறையில் ஏறும் ஆட்டோக்காரச் சேட்டன் எல்லையில் இறக்கிவிட்டுத் திரும்புவார். நீங்கள் நடந்து இந்தப் பக்கம் வந்து தமிழ்நாட்டு ஆட்டோவையோ பஸ்ஸையோ பிடிக்க வேண்டும். மாலை ஏழு மணிக்கு இது நடக்கும். பத்து மணிக்கு எல்லையில் எந்த ஆட்டோவும் நிற்காது. டாக்சியும் பக்கத்து மாநிலத்துக்குப் பெர்மிட்டும் வரியும் கட்டியிருந்தால்தான் வரும். செயலியில் புக் செய்தால், வரும் டிரைவர் "சார், கேரளாவா? கேன்சல் பண்ணிக்கோங்க" என்று சொல்வது இதனால்தான்; அவரைத் திட்டிப் பயனில்லை.

டாக்சிதான் வேண்டும் என்றால் போகவும் வரவும் ஒரே வண்டியாக, காத்திருப்போடு, பெர்மிட் உள்ள டிராவல்ஸில் பேசுங்கள். அப்படிப் பேசும் தொகை ஆக்டிங் டிரைவரைவிடக் கூடத்தான் வரும். சொந்தக் கார் இல்லாதவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

பஸ், ரயில்

தனியாகவோ இருவராகவோ போகிறவர்களுக்கு, முக்கியமாக டூவீலர்க்காரர்களுக்கு, இதுதான். பைக்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பஸ் ஸ்டாண்டு பைக் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வந்ததும் "இங்கிருந்து வீடு மூணு கிலோமீட்டர்தானே" என்று கை தானாகச் சாவியைத் தேடும். பிடிபடுகிறவர்களில் இந்த மூன்று கிலோமீட்டர்க்காரர்களும் உண்டு.

உக்கடத்திலிருந்து பாலக்காட்டுக்கு இரண்டு மாநில அரசு பஸ்களும் ஓடுகின்றன, பொள்ளாச்சியிலிருந்தும் உண்டு. வழியிலுள்ள கிராமங்களுக்கு இருட்டிய பிறகு பஸ் குறைந்துவிடும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இணையத்தில் பார்ப்பதைவிட, இறங்கும் இடத்தில் உள்ள டீக்கடையில் போனவுடனே கேட்பது நல்லது. அதற்கு முந்தைய பஸ்ஸைக் கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் கோவை, பாலக்காடு இடையே மதுக்கரை, வாளையார், கஞ்சிக்கோடு வழியாகவும், பொள்ளாச்சி, பாலக்காடு இடையே மீனாட்சிபுரம், முதலமடை, கொல்லங்கோடு வழியாகவும் பாதை இருக்கிறது. இரண்டாவது பாதையில் ரயில்கள் குறைவு. நேரம் தோதாக அமைந்தால் ஒழிய அதை நம்ப வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ரயிலிலோ நிலையத்திலோ போதையில் தகராறு செய்தால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 145 இருக்கிறது. இறக்கிவிடுவதோடு ஆறு மாதம் வரை சிறைக்கும் அதில் இடம் உண்டு. பஸ்ஸில் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டால் அந்தத் தென்னந்தோப்புச் சாலையில் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தங்கிவிடுவது

கள் அல்ல, ஹாட் என்று முடிவு செய்தவர்களுக்கு இது மட்டும்தான் நேர்மையான வழி. பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ லாட்ஜ் எடுத்துவிடலாம். ஆனால் காலையில் எழுந்தவுடன் கிளம்பக்கூடாது. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்து ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, முடித்தால் மொத்தச் சுமை 130 சுமார். மணிக்கு 15 வீதம் இறங்கினால் 30க்கு வர விடியற்காலை மூன்று ஆகும். ஈரல் மெதுவாக வேலை செய்கிறவருக்கு ஆறு மணி. 375 மில்லி ஹாஃப் ஒருவரே முடித்தால் சுமை 260ஐத் தாண்டும். 30க்கு இறங்கும்போது மறுநாள் பதினொன்றரை, பன்னிரண்டு. குளித்து, திருநீறு பூசி, இட்லி சாப்பிட்டு எட்டு மணிக்குத் தெளிவாக வண்டி எடுத்தவர், காலைச் சோதனையில் ஊதி மாட்டுவது இப்படித்தான். செக்அவுட் நேரத்தைக் கேட்டு ரூம் எடுங்கள்.

காரிலேயே படுத்துவிடலாமா? போக்கிடம் இல்லாதபோது ஓட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஓட்டுநர் சீட்டில் படுக்காதீர்கள். பின்சீட்டில் படுங்கள், சாவி இக்னிஷனில் இருக்கக்கூடாது, இன்ஜின் ஓடக்கூடாது. ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கினால் புகைக்குழாயில் ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும், வாசனையே தெரியாது. சாலையோரம் நிறுத்திய காருக்குள் பாட்டிலைத் திறப்பது கேரளத்தில் பொது இடத்தில் குடித்த குற்றமாகத் தனியாக வரும். இந்தப் பக்கம் வாங்கிய டாஸ்மாக் பாட்டிலை அந்தப் பக்கம் கொண்டுபோவதும் எக்சைஸ்காரர்களுக்குத் தனி வேலை. குடிக்கும் வயது கேரளத்தில் 23, இங்கே 21 என்பதைக் கோவை கல்லூரிப் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

ஊடுவழி

"வாளையார்ல செக்கிங், உள்ள ஊடுவழியா வந்துடலாம்" என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். ஒப்பீடு என்று வந்தபின் இதையும் பார்த்துவிட வேண்டும். அந்த வழிகள் ஒற்றைத் தார்ச்சாலைகள். ஓரத்தில் வாய்க்கால், வளைவில் தென்னை, விளக்கு கிடையாது, மாட்டு வண்டியும் தேங்காய் லோடு டெம்போவும் எதிரே வரும். நெடுஞ்சாலையில் தடுமாறினால் தடுப்பில் உரசும். இங்கே நேராக வாய்க்கால்தான். இரவில் ஆம்புலன்ஸ் வழி கேட்டு வந்து சேர நேரமும் ஆகும். சோதனை நடக்காத சாலை என்று ஒன்று எப்போதும் இருப்பதும் இல்லை. சொந்தக் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி, குடித்து ஓட்டியது தெரிந்தால் ஒரு ரூபாய் தராது. ஒருவர் இறந்துவிட்டால் வழக்கு 185 என்பதோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106, சில நேரம் 105 வரை போகும்.

மாத்திரை, கஞ்சா விஷயமும் சுருக்கமாக. பிரிவு 185இல் போதைப்பொருளுக்கு எண் வரம்பு கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத நிலையில் இருந்தாலே குற்றம். கேரளப் போலீசிடம் உமிழ்நீரில் போதைப்பொருள் பார்க்கும் ஆல்கோஸ்கேன் வேன்கள் இருக்கின்றன. டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை, சளி மாத்திரைகூட இரண்டு கிளாஸ் கள்ளோடு சேர்ந்தால் தனித்தனியாகச் செய்வதைவிட மோசமாகச் செய்யும். அந்த நாளில் குடிக்காத நண்பராக இருப்பதற்கும் நீங்கள் லாயக்கில்லை.

நிறுத்தினால்

குடிக்காமல் ஓட்டுகிறவரையும் நிறுத்துவார்கள். ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு, கேட்டபடி முழு மூச்சாக ஊதுங்கள். ஊத மறுப்பது புத்திசாலித்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தகுந்த காரணமின்றி மறுத்ததே பிரிவு 205இன்படி உங்களுக்கு எதிரான சாட்சியமாகலாம். ஊதும் குழல் புதிதா என்று கேட்கலாம். எண்ணும் நேரமும் அச்சான சீட்டைப் பார்க்கக் கேட்கலாம். எண் தப்பு என்று தோன்றினால் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையேல் விடுவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 202.

இந்தக் குற்றத்துக்கு அந்த இடத்திலேயே அபராதம் கட்டி முடிக்கும் வசதி சட்டத்தில் இல்லை. நீதிமன்றம்தான். அதனால் "இங்கேயே முடிச்சுக்கலாம்" என்று யார் கேட்டாலும் அது அபராதம் அல்ல. லைசென்ஸ் தற்காலிக ரத்துக்காக ஆர்டிஓவுக்குப் போகும். பிடிபட்டது கேரள எல்லைக்குள் என்றால், அந்த எல்லைக்குள்ளான மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் கோவையிலிருந்து போய்வர வேண்டும். வாய்தா ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வேலை போகும். வண்டியைக் குடிக்காத, லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்தால்தான் கேட்டு எடுக்க முடியும். அவரை இரவு பதினொரு மணிக்குப் பொள்ளாச்சியிலிருந்து எழுப்பி வரவழைப்பதற்குப் பதில், மதியமே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.